ஒரு நாள் புழு, இரண்டு நாள் தவிடு

தம்பி சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது. இன்றைக்கு அது வரவில்லை. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவும் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுவந்து வைத்த உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் பெட்டி மேலேயே கிடக்கிறது. பத்திரிகை வைக்க வந்த பெற்ற பிள்ளையிடம், அவன் சாப்பிட உட்கார்ந்த இலைக்கு முன்னால் நின்று கத்தினேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். எனக்கும் வருத்தம்தான், கத்தும்போது பாதி விஷயம் விட்டுப்போய்விட்டதே என்று. அதனால்தான் இப்போது உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். நிதானம் என்றதும் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், விஷயத்தில் பிழை இருக்காது.

உன் அக்கா வசந்தாவின் மனு திரும்பி வந்ததைப் பற்றித்தான் பேச்சு. அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கிற செங்கல் சூளைக் குட்டைகள் இரண்டையும் இந்த அறுப்பு முடிந்ததும் மண்ணடித்து, நெல் காயவைக்கும் களமாக்கப் போவதாக மில்காரர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷமாக நம் வீட்டில் உலை கொதித்தது அந்த இரண்டு குட்டையில் வளர்த்த மீனை நம்பித்தான். அவர் இடம், அவர் எடுத்துக்கொள்கிறார், அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. இந்த நேரம் பார்த்து சர்க்காரில் மாதிரிப் பண்ணை என்று இரண்டு புதுக் குளம் வெட்டி, மீன் வளர்ப்பு தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவருக்கு ஐந்து வருஷத்துக்கு விடப்போகிறோம் என்றார்கள். வசந்தாவைவிட அது தெரிந்தவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்? நீ வேலை பார்க்கிற மீன் ஆபீசில்தான் மனு போட்டாள். மனு திரும்பி வந்தது. 'மனுதாரருக்கு மீன் வளர்ப்பில் போதிய அனுபவம் இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கீழே வெறும் கிறுக்கல், பெயர் இல்லை. 'வளர்ப்பு' என்று எழுதும்போது ஒரு சுழி கூடுதலாகச் சுழிக்கிற கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? தரையில் தவிட்டைப் பரப்பி உன் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவளே நான்தான். அதைப் பார்த்துவிட்டு வசந்தா காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குட்டைக்குப் போய்விட்டாள்.

அனுபவம் இல்லையாம். சரி, அவளுக்கு என்ன அனுபவம் என்று நான் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேள். உங்கப்பா அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தபோது, கூலியோடு கூடத் தவிடும் கொடுப்பார்கள். மாடு இல்லாத வீட்டில் தவிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சூளைக்கு மண் எடுத்த பள்ளம் இரண்டும் மழைத் தண்ணீர் நின்று சும்மா கிடந்தன. மில்காரரிடம் கேட்டு, அணைப் பக்கத்திலிருந்து கெண்டைக் குஞ்சு வாங்கிவந்து விட்டார். வெறும் தவிட்டில் வளர்ந்த மீன் வருஷம் முடிந்தும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் வரவில்லை. அப்போதுதான் உங்கப்பாவுக்கு இருமல் வந்து, குட்டையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வசந்தா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். நீ ஏழாவது. அவள் வகுப்பில் இரண்டாவதாக வருவாள். நீ எத்தனையாவதாக வருவாய் என்று நான் எழுதவில்லை, உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து யாரை நிறுத்துவது என்று நானும் உங்கப்பாவும் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. பேச வேண்டிய விஷயமாகவே அது எங்களுக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் கையில் பைக்குப் பதிலாகத் தவிட்டுக் கூடையைக் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டாள். இது நான் செய்த முதல் தப்பு. இதை உன் தலையில் கட்டவில்லை.

ஐந்து வருஷம் கழித்துத்தான் புழு வந்தது. மைசூர்ப் பக்கத்திலிருந்து பட்டு நூல் ஏற்றிவருகிற லாரி டிரைவர் ஒருவர் உங்கப்பாவுக்குப் பழக்கம். அந்தப் பக்கம் பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூல் இழுத்த பிறகு, உள்ளே செத்துக் கிடக்கிற புழுவைக் காயவைத்து மீனுக்குப் போடுகிறார்கள் என்று அவர் சொன்னார். அடுத்த தடவை இரண்டு மூட்டை இறக்கிவிட்டுப் போனார். அந்த நாற்றம் உனக்கு மறந்திருக்காது. வசந்தாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் அடுக்கியிருந்த மூட்டையைத் தாண்டும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். ஆனால் மீனுக்கு அது விருந்து. காலையில் கூடையோடு வசந்தா கரையில் இறங்கினாலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மேலே வரும். தினமும் போட்டோம். நாலே மாதத்தில் ஒவ்வொன்றும் கை கொள்ளாத அளவுக்குத் தேறிவிட்டது. நான் அப்போது நெசவாளர் தெருவில் நான்கு வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பிடி முழுவதையும் அந்தத் தெருவிலேயே விற்றுத் தீர்த்தேன். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் காலையில் அந்தத் தெருவிலிருந்து ஐந்தாறு பெண்கள் குழம்புச் சட்டியோடு வந்து நின்றார்கள். நூல் கொடுக்கிற வீட்டு அம்மா முன்னால் நின்று சட்டியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "ஏம்மா, நாள் பூரா பட்டு அவிக்கிற வாடையிலதான் குந்திகினு கீறோம். சோத்துலயும் அதே வாடையா? எம்புருஷன் ஒரு வாய் வச்சிட்டு எழுந்து போயிட்டாரு. இந்தா, நீயே துன்னு" என்று சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். வேறு ஊரில் விற்றிருந்தால் ஏதோ சேற்று வாடை என்று புளியைக் கூடக் கரைத்து ஊற்றித் தின்றிருப்பார்கள். பட்டு நெய்கிற நம் ஆரணிக்காரர்களுக்கு அது என்ன வாடை என்று சொல்லித் தரவேண்டியதில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தத் தெருவில் நான் நூல் வாங்கப் போனாலே சிரிப்பார்கள். புழுவை அடியோடு நிறுத்திவிடு என்றார் உங்கப்பா. நிறுத்தினால் பழையபடி உள்ளங்கை மீன்தான். அந்தக் கவலையில் நானும் அவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது யோசித்தவள் வசந்தா ஒருத்திதான்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, தெனம் புழு போட்டா அதுங்க பாதிதான் தின்னுது. மீதி அடியில ஊறி தண்ணிய கெடுக்குது. தின்னதும் ஒடம்புல கொழுப்பா ஏறிக்கினு வாடை அடிக்குது. போன மாசம் லாரி வராம தவிடு மட்டும் போட்டோமே, அப்பறம் புழு வந்த அன்னிக்கி ஒண்ணு பாக்கியில்லாம தின்னுச்சிம்மா. நடுவுல நாள் உட்டுப் போட்டுப் பாக்கலாமா?" நீ அப்போது தெற்கே மீன் படிப்புப் படிக்கப் போய் முதல் லீவில் வந்திருந்தாய். நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என்ன சொன்னாய்? "அக்கா, புரதம் ஒரே சீரா தெனம் குடுக்கணும். கொறச்சா வளத்தி நின்னுடும். புக்குலயே போட்டிருக்கு. ஒனக்கு இன்னா தெரியும்?" அவள் உன்னோடு வாதாடவில்லை. தெற்குக் குட்டைக்கு எப்போதும்போல தினமும் புழு போட்டாள். வடக்குக் குட்டைக்கு ஒரு நாள் புழு, அடுத்த இரண்டு நாள் வெறும் தவிடு. ஒரு நோட்டு வாங்கி, எந்தக் குட்டைக்கு என்ன தீனி, எவ்வளவு மிச்சம் நின்றது, தண்ணீர் என்ன நிறம், வெயிலா மூட்டமா என்று தினமும் எழுதினாள். ஒன்பதாவதோடு நின்றவள் எழுதிய நோட்டு அது.

நீ அடுத்த லீவுக்கு வந்தபோது வலை போட்டோம். தராசைப் பிடித்தது நீதான். உங்கப்பா இருமிக்கொண்டே கரையில் உட்கார்ந்து பார்த்தார், அவர் பார்த்த கடைசி வலை அது. இரண்டு குட்டையிலும் பத்துப் பத்து மீன் எடுத்து நிறுத்தாய். தெற்கில் ஒன்றிரண்டு கொஞ்சம் கூடுதல், வடக்கில் ஒன்றிரண்டு கூடுதல், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. புழு மட்டும் வடக்கில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகியிருந்தது. வடக்குத் தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்தது, தெற்கில் அடிச்சேறு கறுத்து நாறியது. வடக்கு மீனைக் குழம்பு வைத்து, சட்டியோடு எடுத்துக்கொண்டு நூல் வீட்டு அம்மாவிடமே போனேன். முகர்ந்து பார்த்தாள், தின்றாள், நாளைக்கு இரண்டு எடுத்துவா என்றாள். அன்றைக்கு உன் அக்கா முகத்தைப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "இத நோட்டோட எங்க சார்கிட்ட காட்டறேங்க்கா" என்று நீ சொன்னாய். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அட்டை போட்டுக் கொடுத்தாள், தெரியுமா? அந்த நோட்டு திரும்பி வரவே இல்லை. நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படிக்கிற பிள்ளைக்கு உதவட்டும், குட்டை மேய்க்கிறவளுக்கு நோட்டு எதற்கு என்று நினைத்தேன். இது இரண்டாவது தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வலை போட்ட அன்று வசந்தா, "நல்ல தீனி தெனமும் வேணாம்மா. ஆனா அதோட நாள் வந்தா தப்பாம கெடைக்கணும். அது தப்பினா மீனு தேறாது" என்றாள். ஏதோ குட்டை விஷயமாகத்தான் சொன்னாள், அதில் குத்தல் எதுவும் இல்லை. அவளுக்குக் குத்திப் பேசவே தெரியாது. எனக்குத்தான் அடுப்படியில் போய் நின்றபோது முட்டை வைக்கிற சட்டி கண்ணில் பட்டது. நம் வீட்டில் ஒரு கோழி இருந்ததே, அது இட்ட முட்டை எல்லாம் யாருக்குப் போனது? பரீட்சை என்றால் உனக்கு, காய்ச்சல் என்றால் உனக்கு, ஒன்றும் இல்லை என்றாலும் உனக்கு. அவளுக்குக் கேழ்வரகுக் கூழ். ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, இன்றைக்கு இவளுக்கு என்று நான் எடுத்து வைத்ததில்லை. மீனுக்கெல்லாம் நாள் வைத்துப் போட்டவள் அவள். அவளுக்கு நாள் வைக்க எனக்குத் தோன்றவில்லை. பதினெட்டு வயதில் அவள் கை என் கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. நீ திடகாத்திரமாக வளர்ந்து ஆபீசர் ஆனாய். உன்னை அப்படி வளர்த்தது நான்தான் என்று நினைக்கும்போது உன் மேல் வருகிற கோபம் பாதியில் திரும்பி என் மேலேயே பாய்கிறது. அதற்காக உன் பாதியை நான் தள்ளுபடி செய்யப்போவதில்லை.

இப்போது அந்தப் பயிற்சி வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மீன் வளர்ப்பவர்களுக்கு வகுப்பு, நம்ம சேகர்தான் நடத்துகிறான் என்றதும் நானும் வசந்தாவும் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டோம். அவள் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தோம், முன்னால் உட்கார்ந்தால் உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். மைக்கில் நன்றாகத்தான் பேசினாய். தினமும் உயர்ந்த தீனி வேண்டாம், ஒரு நாள் புழு, இரண்டு நாள் தவிடு, செலவு மிச்சம், தண்ணீர் கெடாது, மீனில் வாடை வராது என்று வரிசையாகச் சொன்னாய். வசந்தா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இதோ சொல்லப்போகிறான், இதோ பெயரைச் சொல்லப்போகிறான் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இது நான் காலேஜ்ல படிக்கும்போது செஞ்சி பாத்து கண்டுபுடிச்ச முறை" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகிப்போனது.

அதோடு விட்டிருந்தால்கூட, ஏதோ மேடையில் நாக்கு புரண்டுவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "சார், இதே மாதிரி இங்க சூளைக் குட்டையில ஒரு பொண்ணு ரொம்ப வருசமா போட்டுகினு இருக்குதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். நீ எங்களைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே, பார்த்தாய். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "அது வேறங்க. புழு வாங்க முடியாதப்ப தவிடு போட்டு ஒப்பேத்தினது. அதுல கணக்கு கிணக்கு ஒண்ணும் கெடையாது" என்றாய். மண்டபமே சிரித்தது. நான் எழுந்து நின்று, டேய், நோட்டு எங்கேடா என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அத்தனை பேர் முன்னால் பிள்ளையின் மானத்தை வாங்கக்கூடாது என்று உட்கார்ந்தே இருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மானம் அங்கே போய்க்கொண்டிருந்தது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நான் செய்த தப்புகளிலேயே பெரியது அதுதான். வீட்டுக்கு வந்ததும் அவள் புடவையை மாற்றிக்கொண்டு தவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

திருடுவதையும் முழுசாகத் திருடவில்லை நீ. ஒரு மாதம் கழித்து அந்தத் தேவிகாபுரத்துப் பெரியவர் பஸ் பிடித்து நம் வீட்டைத் தேடி வந்தார். "இன்னாம்மா, ஆபீசர் சொன்ன மாதிரியே நடுவுல ரெண்டு நாள் உட்டுப் போட்டேன். குஞ்சுங்க எல்லாம் தலை பெருத்து ஒடம்பு ஒட்டிப் போயிட்டுதுங்க" என்றார். வசந்தா கேட்ட முதல் கேள்வியே, "எவ்ளோ பெரிசு குஞ்சு உட்டீங்க?" என்பதுதான். அவர் விரலில் ஒரு கணுவைக் காட்டினார். "அய்யோ, அது பச்சப்புள்ளைங்க. விரல் நீளம் வர்ற வரைக்கும் தெனம் நல்ல தீனி போடணும். தேறின பிறகுதான் நாள் உட்டுப் போடணும். வானம் மூட்டம் போட்டு, மீனு மேல வந்து வாயைத் தொறந்துகினு நின்னா, அன்னிக்கி புழு போடுற நாளா இருந்தாலும் போடாதீங்க" என்றாள். அது நீ எடுத்துக்கொண்டு போன நோட்டில் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒரு குட்டைக் குஞ்சு முழுவதையும் சாகக் கொடுத்து அவள் தெரிந்துகொண்டது. "இத ஏம்மா அவரு சொல்லல?" என்று அவர் கேட்டார். அதற்கு உன் அக்கா என்ன பதில் சொன்னாள் தெரியுமா? "நேரம் பத்தியிருக்காதுங்க" என்றாள். உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. நான் உள்ளே முறத்தைத் தரையில் போட்டு அடித்தேன். பெரியவரின் குளம் இப்போது தேறிவிட்டது. போன வாரம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் பிறகுதான் மனு திரும்பி வந்தது, அதற்குப் பிறகுதான் நீ பத்திரிகையோடு வந்தாய். மனுவை உன் முன்னால் வைத்து இன்னாடா இது என்று கேட்டேன். "அம்மா, நான் அந்த ஆபீஸ்ல இருக்கறேன். சொந்த அக்காவுக்கே குடுத்துட்டான்னு எவனாவது மொட்டக் கடுதாசி போட்டா பேஜார் ஆயிடும். கல்யாண நேரம், பொண்ணு வூட்டுக்காரங்க காதுக்குப் போச்சின்னா இன்னா நெனப்பாங்க?" என்றாய். நீ சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. அக்காவுக்குத் தம்பி சிபாரிசு செய்யக்கூடாதுதான். அப்படியென்றால், இவர் என் அக்கா, இந்த மனுவை நான் பார்க்கக்கூடாது, வேறு ஆபீசர் பார்க்கட்டும் என்று ஒரு வரி எழுதித் தள்ளிவைக்க உனக்குக் கை இல்லையா? அனுபவம் இல்லை என்று பொய் எழுத மட்டும் கை வந்ததே, அது எப்படி? இதைத்தான் அன்றைக்குக் கத்தினேன். நீ சோற்றைப் பிசைந்தாய். உன் அக்கா, "உடும்மா, அவன் சாப்புடட்டும்" என்று சொல்லிக்கொண்டே நடுத்துண்டு மீனை எடுத்து உன் இலையில் வைத்தாள். நீ அதைத் தின்றாய். வடக்குக் குட்டை மீன், வாடையே இல்லை. அதைத் தின்றுவிட்டு எழுந்து போனாய்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அரிசி மில்லில் நெல் அவித்தவன் பிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்திருக்கிறாய். நின்ற இடத்தில் கால் ஆடிவிடுமோ என்று பயப்படுகிறாய். அந்த இடத்துக்கு நீ எதன் மேல் ஏறி வந்தாய் என்று கீழே குனிந்து பார்க்கவும் பயப்படுகிறாய். பெண் வீட்டில் உன் அக்காவைப் பற்றி, வீட்டோடு இருக்கிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய் என்று தரகர் மூலம் தெரிந்தது. வரப்போகிற பெண் நல்ல பெண்ணாக இருக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தால், யாருக்கு எதைப் போடுகிறாய் என்று தட்டைப் பார்த்துப் போடு. என் புத்திமதி இவ்வளவுதான். வேறு புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் குளங்களை யாருக்கு விடுவது என்று முடிவுசெய்யக் கமிட்டி உட்காருகிறது. திருப்பி அனுப்பிய மனுக்களின் பேரில் முறையீடு இருந்தால் அன்றைக்குக் கொடுக்கலாம் என்று போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். படிவம் வாங்கிவந்து முறையீட்டை நானே எழுதினேன். சூளைக் குட்டையில் பன்னிரண்டு வருஷமாக நடந்தது, நோட்டுப் போனது, மண்டபத்தில் நீ பேசியது, ஓரத்தில் நீ எழுதியது, எல்லாம் இருக்கிறது. தேவிகாபுரத்துப் பெரியவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வசந்தாவிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "அவன் வேலக்கி ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள். தனக்குக் குளம் கிடைக்குமா என்று கேட்கவில்லை. தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டாள். அவளுக்கு உன் மேல் கோபம்கூட வரவில்லை, சேகர். கோபப்படக்கூட உரிமை இல்லாதவளாக அவளை வளர்த்து வைத்திருக்கிறேன். அதனால் அவள் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நானே பட்டு, என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கு அந்த ஆபீஸ் வாசலில் இருப்பேன். அதற்கு முன்னால் நீ வந்து, பொய்யை எழுதிய கையாலேயே அதை அடித்து, அந்த முறையைக் கண்டுபிடித்தது யார் என்று எழுதிக் கொடுத்தால், முறையீட்டை உன் கண் முன்னாலேயே கிழித்துவிடுகிறேன். வராவிட்டால் உள்ளே போவேன். வேலை போகுமா, கல்யாணம் நிற்குமா என்றெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை. யோசித்து யோசித்து நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நடந்தால் வருவேன், எந்த மூலையில் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்து உன்னை ஆசீர்வதிப்பேன், அதில் குறை வைக்கமாட்டேன். ஆனால் முறையீட்டில் யார் மீது என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே, மேற்படியார் முறையீடு செய்பவருக்கு என்ன உறவு என்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், மகன் என்று எழுதினேன்.

அம்மா